டாம் எம்போயாவ கொன்னது யாரு, ஏன் கொன்னாங்க?

கேள்வி கேட்டவர் மூணு விஷயத்த ஒரே மூச்சுல கேட்டிருக்கார். கென்யாவுல தொழிற்சங்கத் தலைவரா இருந்து மந்திரியான டாம் எம்போயாவ 1969ல அப்போதைய ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டா தான் ஆள் வச்சு சுட்டாரா, எம்போயா அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவோட ஆள்னு சொல்றது உண்மையா, ஒபாமாவோட அப்பாவ அமெரிக்காவுக்கு பிளேன் ஏத்தி விட்டது இவர் தானா. தனித்தனியா ரெண்டு ரெண்டு வரில பதில் சொல்லிடலாம் தான், ஆனா இந்த மூணுக்கும் அடியில வேற ஒரு கேள்வி இருக்குன்னு எனக்குப் படுது: சுதந்திரம் வாங்கி ஆறு வருஷம் கூட முடியல, அதுக்குள்ள ஒரு நாடு தன்கிட்ட இருந்த ஆகத் திறமையான மனுஷன பட்டப்பகல்ல கடைவீதில எப்படி பறிகொடுத்துச்சு? அதுக்கு பதில் சொன்னா மத்ததும் அதுக்குள்ளயே வந்துடும். நான் காலேஜ்ல ஆப்பிரிக்க வரலாறு இருபது வருஷத்துக்கு மேல நடத்தினவன், ஆராய்ச்சி பண்ணது கிழக்கு ஆப்பிரிக்கத் தொழிற்சங்கங்கள பத்தி, அதனால எம்போயா எனக்கு ரொம்பப் பழக்கமான பேரு. அதே நேரம் எனக்கு எம்போயா வீட்டு மொழியான லுவோ தெரியாது, ஸ்வாஹிலி கொஞ்சம் தான், நான் படிச்சதெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ் பதிவுகள், அத மனசுல வச்சுகிட்டு படிங்க.

எம்போயா பிறந்தது 1930 ஆகஸ்ட் 15, நைரோபிக்கு வடகிழக்குல திக்கா பக்கம் கிலிமா எம்போகோ மலையடில. அங்க ஒரு வெள்ளைக்காரரோட கற்றாழை நார் எஸ்டேட், அதுல அவங்க அப்பா மேஸ்திரி. குடும்பத்துக்கு சொந்த ஊரு விக்டோரியா ஏரில இருக்குற ருசிங்கா தீவு, அந்தத் தீவு ஜனங்க அடிப்படைல சுபா இனம், காலப்போக்குல லுவோ மொழிக்கும் பழக்கத்துக்கும் மாறினவங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இவரோட மொத்த அரசியலுக்கும் இங்க தான் விதை இருக்கு. லுவோ குடும்பத்துப் பையன், ஆனா வளர்ந்தது கம்பா, கிக்குயுங்கிற வேற இனத்து ஆளுங்க நடுவுல, எஸ்டேட் லைன் வீட்டுல, அதனால சின்ன வயசுலயே கம்பா, கிக்குயு, ஸ்வாஹிலி, லுவோன்னு நாலு மொழியும் நாக்குல ஓடும். படிச்சது எல்லாம் கத்தோலிக்க மிஷன் ஸ்கூல்ல, கபா, யாலா, அப்புறம் மாங்கு. மாங்குல மேல படிக்க வீட்டுல காசு இல்ல. அதனால 1948ல ஸ்டைபெண்ட் கிடைக்கிற சானிட்டரி இன்ஸ்பெக்டர் ட்ரெய்னிங்ல போய் சேர்ந்தாரு, முடிச்சுட்டு 1951ல நைரோபி நகராட்சில வேலை.

அந்த வேலைல அவர் பட்டது தான் அவர யூனியனுக்குக் கொண்டு வந்துச்சு. அவரே தன் வாழ்க்கைக் கதைல எழுதியிருக்கார், லேப்ல இவர் ஒருத்தர் மட்டும் வேலை பாத்துட்டு இருக்கார், ஒரு வெள்ளைக்காரம்மா பால் சாம்பிள் பாட்டிலோட உள்ள வர்றாங்க, இவர நேரா பாக்குறாங்க, பாத்துட்டு, இங்க யாராவது இருக்கீங்களான்னு கேக்குறாங்க. அதாவது கறுப்பர் ஒருத்தர் நிக்கிறது அவங்களுக்கு ஆள் இருக்குற கணக்குலயே சேரல. அதே வேலைய செய்யுற வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வாங்குற சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு தான் ஆப்பிரிக்கருக்குன்னும் அவர் எழுதியிருக்கார். இதத் தட்டிக் கேக்க ஒரு ஊழியர் சங்கம் இருந்துச்சு, பேச்சளவுல. எம்போயா அதுல தலைவராகி அத உண்மையான தொழிற்சங்கமா மாத்தி பதிவு பண்ணி, நகராட்சில வேலை பாக்குற ஆப்பிரிக்கருங்கள உறுப்பினர் ஆக்கினாரு. அப்போ அவருக்கு வயசு இருபத்திரண்டு.

இதுக்கு முன்னாடியே கென்யால தொழிற்சங்கத்துக்கு பாதை போட்டவர் ஒருத்தர் உண்டு, அவர சொல்லாம போனா தப்பு. மக்கான் சிங், பஞ்சாபி சீக்கியர், 1950லயே கூட்டத்துல நின்னு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு முழு சுதந்திரம் வேணும்னு தீர்மானம் கொண்டு வந்தவர், அந்த வருஷமே பிடிச்சு 1961 வரைக்கும் விசாரணை இல்லாம பாலைவனப் பக்கம் காவல்ல வச்சாங்க. அவரு பக்கம் இருந்த தீவிரமான சங்கங்கள அரசாங்கம் நசுக்கிட்ட பிறகு உண்டான காலி இடத்துல தான் எம்போயா வந்து நின்னாரு.

1952 அக்டோபர் 20, வெள்ளைக்காரர் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் எழுச்சிய அடக்கன்னு எமர்ஜென்சி அறிவிக்கிறாங்க, கென்யாட்டா உட்பட தலைவர்கள் எல்லாரும் உள்ள. 1953ல கென்ய ஆப்பிரிக்க யூனியன் கட்சிக்கே தடை. 1954 ஏப்ரல் 24ல நைரோபி முழுக்க சுத்தி வளைச்சு கிக்குயு, எம்பு, மேரு ஆளுங்கள பத்தாயிரக் கணக்குல அள்ளிட்டுப் போனாங்க, ஆபரேஷன் அன்வில்னு பேரு. நகரத்துல யூனியன் நடத்திட்டு இருந்த கிக்குயு தலைவர்கள்ல பலரும் அதோட முகாமுக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஆப்பிரிக்கருக்கு நாடு முழுக்க கட்சியே வைக்கக் கூடாது, வச்சா ஜில்லா அளவுல மட்டும். இந்த நிலைமைல நாடு முழுக்க ஆளும் ஆபீசும் இருந்த ஒரே ஆப்பிரிக்க அமைப்பு தொழிற்சங்கக் கூட்டமைப்பு, அதுக்கு 1953லேர்ந்து பொதுச் செயலாளர் எம்போயா. அவர் கிக்குயு இல்லாததால முகாமுக்குப் போகாம தப்பிச்சாருங்கிறது உண்மை தான், பிற்காலத்துல அவர் எதிரிங்க இத ஒரு குத்தமாவே சொன்னாங்க. ஆனா அந்த அஞ்சாறு வருஷம் மத்தவங்க வாய் அடைக்கப்பட்டப்போ கூட்டுத் தண்டனைய எதிர்த்தும், ஜனங்கள ஊர் ஊரா காலி பண்றத எதிர்த்தும், சட்டத்துக்குள்ள நின்னு பேசுன குரல் அவரோடது தான். 1955 மார்ச்ல மொம்பாசா துறைமுகத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம், எமர்ஜென்சி நேரம், பட்டாளம் ரோட்டுல நிக்குது, இவர் போய் ரெண்டு பக்கமும் பேசி ஆளுங்கள வேலைக்குத் திரும்ப வச்சு விஷயத்த தீர்ப்பாயத்துக்கு கொண்டு போனாரு, சம்பளம் மூணுல ஒரு பங்கு ஏறுச்சு. என் மாணவர்கள்கிட்ட நான் எப்பவும் சொல்றது, எம்போயாவ புரிஞ்சுக்கணும்னா நாடாளுமன்றப் பேச்ச விட்டுட்டு மொதல்ல இந்த மொம்பாசா வாரத்த படிங்க, மோதவும் தெரியும், எங்க நிறுத்தணும்னும் தெரியும், அந்தக் குணம் முழுசா அங்க தெரியுது.

இப்போ சிஐஏ விஷயம். உறுதியா தெரிஞ்சத மொதல்ல சொல்றேன். 1955-56ல ஆக்ஸ்ஃபோர்ட் ரஸ்கின் காலேஜ்ல ஒரு வருஷம் படிச்சாரு, முடிச்ச கையோட அமெரிக்கா போய் அங்க இருக்குற பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்போட தலைவர் ஜார்ஜ் மீனியப் பாத்தாரு, நைரோபில யூனியனுக்குன்னு ஒரு கட்டடம் கட்ட 35,000 டாலர் கிடைச்சது, அது தான் சாலிடாரிட்டி ஹவுஸ். மேற்கு நாட்டு சார்புள்ள சர்வதேசத் தொழிற்சங்க அமைப்புகிட்டேர்ந்தும் தொடர்ந்து உதவி வந்துச்சு. அமெரிக்கத் தொழிற்சங்கங்களோட வெளிநாட்டுப் பிரிவுங்க வழியா சிஐஏ பணம் ஓடுச்சுங்கிறது 1967ல அமெரிக்கப் பத்திரிகைகள்லயே அம்பலமாச்சு, அதனால இவருக்கு வந்த பணத்துல ஒரு பங்கு அந்த மூலத்துலேர்ந்து வந்திருக்கும்னு நினைக்கறதுல நியாயம் இருக்கு. ஆனா இதுலேர்ந்து, அவங்க சொன்னத இவர் செஞ்சாரு, சம்பளத்துக்கு வச்ச ஆளுன்னு போறதுக்கு நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, அதத் தாண்ட ஆதாரம்னு நான் பாத்த எதுவும் போதல. இன்னொரு பக்கம் அவரோட எதிராளி, மூத்த லுவோ தலைவர் ஒகிங்கா ஒடிங்காவுக்கு மாஸ்கோலேர்ந்தும் பீக்கிங்லேர்ந்தும் பணமும் ஸ்காலர்ஷிப்பும் வந்துச்சு, அதுவும் ஊரறிஞ்ச விஷயம். பனிப்போர் காலத்துல காசில்லாத ஒரு இயக்கத்துக்கு வெளிய மட்டும் தான் காசு, யாருகிட்ட கை நீட்டணும்னு ஆளாளுக்கு முடிவு பண்ணாங்க. மேற்கத்திய தொடர்பால எம்போயாவுக்கு ஒரு இழப்பு உண்டு, இத மறைக்கக் கூடாது, ஆப்பிரிக்க யூனியன்கள் எந்த முகாம்லயும் சேரக் கூடாதுன்னு நின்ன கானா நாட்டுத் தலைவர் என்க்ருமாவோட இருந்த நெருக்கம் இந்த விஷயத்துல தான் உடைஞ்சு போச்சு.

1957 மார்ச்ல தான் கென்யால ஆப்பிரிக்கர் மொதல்முறையா ஓட்டு போட்டு தங்க பிரதிநிதிய சட்டசபைக்கு அனுப்புறாங்க, மொத்தம் 8 சீட். ஓட்டுரிமையும் எல்லாருக்கும் இல்ல, படிப்பு, வருமானம்னு நிபந்தனை, கிக்குயு ஆளா இருந்தா விசுவாசச் சான்றிதழ் வேற வேணும். நைரோபில எம்போயா, ஆர்க்விங்ஸ் கோதெக்னு பேர்பெற்ற வக்கீல சில நூறு ஓட்டுல ஜெயிச்சாரு. உள்ள போன எட்டு பேரும் மந்திரி பதவி வேணாம்னு மறுத்தாங்க, இந்த சட்டமே செல்லாதுன்னாங்க, அடுத்த வருஷம் சீட் 14 ஆச்சு. 1958 டிசம்பர்ல கானா தலைநகர் அக்ரால அனைத்து ஆப்பிரிக்க மக்கள் மாநாடு, காங்கோவோட லுமும்பா, அல்ஜீரிய விடுதலைக்கு நின்ன ஃபனோன் எல்லாம் வந்திருந்த கூட்டம், அதுக்கு தலைமை இருபத்தெட்டு வயசு எம்போயா. பெர்லின் மாநாட்டுல ஆப்பிரிக்காவ அடிச்சுப் பிடிச்சு பங்கு போட்டீங்கல்ல, அதே வேகத்துல இப்ப மூட்டை கட்டிகிட்டு வெளிய போங்கன்னு ஐரோப்பாவப் பாத்து அவர் பேசுனது அந்த மேடைல தான். 1960 மார்ச்ல டைம் பத்திரிகை அட்டைல அவர் முகம் வந்துச்சு. அந்த வயசுல அவ்வளவு வெளிச்சம் ஒருத்தர் மேல விழுந்தா உள்ளூர்ல என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஒடிங்கா மாதிரி இருபது வருஷம் மூத்தவங்களுக்கு இந்தப் பையன் வெள்ளைக்காரனுக்கு செல்லப்பிள்ளைங்கிற எண்ணம் அப்பவே விழுந்துடுச்சு.

பிளேன் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நிதானமாவே சொல்றேன். சுதந்திரம் வருதுன்னு தெரிஞ்சு போச்சு, ஆனா வந்தா நாட்ட நடத்த படிச்சவங்க எங்க? கென்யாலேர்ந்து பட்டப்படிப்புன்னா உகாண்டால மக்கெரெரே, அங்க இடம் ரொம்பக் கம்மி. அமெரிக்காவுல சின்ன சின்ன காலேஜ்கள் ஃபீஸ் இல்லாம எடுத்துக்கத் தயார், பசங்க தாங்களே கடிதம் போட்டு அட்மிஷனும் வாங்கி வச்சிருக்காங்க, ஆனா நைரோபிலேர்ந்து நியூயார்க் போற டிக்கெட் ஒரு குடும்பத்தால கனவுல கூட வாங்க முடியாது. எம்போயாவும் அவரோட அமெரிக்க நண்பர் வில்லியம் ஷைன்மனும் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது, தனித்தனியா டிக்கெட் எதுக்கு, ஒரு பிளேனயே வாடகைக்கு எடுப்போம். 1959ல எம்போயா அமெரிக்கா முழுக்க ஊர் ஊரா பேசிப் பணம் சேர்த்தாரு, ஹாரி பெலஃபான்டே, சிட்னி போய்ட்டியர், பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் மூணு பேரும் கையெழுத்து போட்டு நன்கொடை கேட்டாங்க, இங்க ஊர்ல மாட்ட வித்து, ஜனங்க ஒண்ணு கூடி காசு போட்டு பையனோட செலவுக்கு கொடுத்தனுப்புனாங்க. 1959 செப்டம்பர்ல 81 பேரோட மொத பிளேன் நியூயார்க்ல இறங்குச்சு. அடுத்த வருஷத்துக்கு காசு இல்ல, 1960 ஜூலைல எம்போயா போய் ஜான் கென்னடியப் பாத்தாரு, கென்னடி குடும்ப அறக்கட்டளை ஒரு லட்சம் டாலர் கொடுத்துச்சு. 1963 வரைக்கும் கிட்டத்தட்ட 800 பேர் இந்த ஏற்பாட்டுல போனாங்க, 1960ல போனவங்கள்ல ஒருத்தர் வங்காரி மாத்தாய், பின்னாடி மரம் நடுற இயக்கம் தொடங்கி 2004ல நோபல் வாங்குனவங்க.

ஒபாமாவோட அப்பா விஷயத்துல ஒரு திருத்தம் இருக்கு. மூத்த ஒபாமா 1959ல ஹவாய் போனது நிஜம், எம்போயாவுக்கு நல்லாத் தெரிஞ்சவரு, அதுவும் நிஜம். ஆனா அந்த 81 பேர் போன பிளேன்ல அவர் போகல, நைரோபில எழுத்தறிவு வேலை பாத்துட்டு இருந்த ரெண்டு அமெரிக்கப் பெண்மணிகள் உதவில தனியாப் போனாரு. கென்னடி காசு வந்தது 1960ல, அதனால கென்னடி தான் ஒபாமா அப்பாவ கூட்டிட்டு வந்தாருன்னு சுத்துற கதைக்கு தேதியே ஒத்து வராது. ஆனா மூத்த ஒபாமா பேரு இந்தக் கதைல மறுபடி ரெண்டு இடத்துல வரும்.

கென்யாவோட அரசியலமைப்பு பத்தி 1960ல லண்டன் லங்காஸ்டர் ஹவுஸ்ல நடந்த பேச்சுவார்த்தைக்கு எம்போயா ஏற்பாட்டுல சட்ட ஆலோசகரா வந்தவர் தர்குட் மார்ஷல், அமெரிக்கக் கறுப்பின வக்கீல், பிற்காலத்துல அங்க உச்சநீதிமன்ற நீதிபதி ஆனவர். கென்யாவுக்கு அவர் எழுதுன அடிப்படை உரிமை வரைவுல, ஆட்சிக்கு வரப்போற ஆப்பிரிக்கர்கிட்டேர்ந்து வெள்ளைக்காரர், இந்தியர் மாதிரி சிறுபான்மைய எப்படி காப்பாத்துறதுன்னு அவ்வளவு கவலை எடுத்திருக்கார். அதே வருஷம் கானு (KANU) கட்சி உருவாச்சு, எம்போயா பொதுச் செயலாளர், ஒடிங்கா துணைத் தலைவர். சின்ன இனங்கள் பயந்து தனியா காடு (KADU)ன்னு ஒரு கட்சி ஆரம்பிச்சாங்க, பிற்காலத்துல ஜனாதிபதி ஆன டேனியல் மோய் அதுல தான் இருந்தாரு. 1961 தேர்தல்ல நைரோபி கிழக்குத் தொகுதி, அங்க லுவோ சிறுபான்மை, எதிர்ல நின்னவரு மரியாதையான கிக்குயு டாக்டர், அப்படி இருந்தும் எம்போயா பத்துல ஒம்பது ஓட்டு அள்ளினாரு. கிக்குயு தொழிலாளி தன் இனத்து டாக்டர விட்டுட்டு இவருக்கு ஓட்டு போட்டான்ல, அது கென்ய அரசியல்ல அதுக்கப்புறம் சுலபத்துல திரும்ப நடக்காத ஒரு விஷயம். என் வாதமே இதுல தான் நிக்குது. மத்த தலைவர் ஒவ்வொருத்தருக்கும் பின்னால ஒரு இனம், ஒரு மாவட்டம் இருந்துச்சு. எம்போயாவுக்கு பின்னால இருந்தது நகரமும் யூனியனும் தான். ஜெயிக்கும்போது அது பெரிய பலம், ஆனா ஒருத்தன் கை வைக்கணும்னு நினைச்சா, ஐயோ அந்த இனமே எழும்பிடுமேன்னு பயப்பட வைக்கிற அரண் அவருக்கு இல்ல.

1963 டிசம்பர் 12 சுதந்திரம். அவர் மொதல்ல நீதித்துறை மந்திரி, 1964 கடைசிலேர்ந்து பொருளாதாரத் திட்ட மந்திரி. இங்க ஒரு சங்கடமான உண்மைய சொல்லியே ஆகணும், எம்போயாவ தியாகி மட்டுமா பாக்குறவங்க இத தாண்டிப் போயிடுறாங்க. பின்னாடி தன்னையே அனாதையாக்குன அந்த இயந்திரத்த பூட்டினதுல அவர் கையும் இருக்கு. 1965ல யூனியன்கள எல்லாம் ஒரே கூட்டமைப்பாக்கி அரசாங்கம் தன் கைக்குள்ள கொண்டு வந்துச்சு, அவரோட பழைய அடித்தளம் அதோட கரைஞ்சது. 1966 மார்ச்ல லிமுரு மாநாடு, கட்சித் துணைத் தலைவர் பதவிய எட்டு மாகாணத்துக்கு எட்டா உடைச்சு ஒடிங்காவ ஓரங்கட்டினாங்க, அத முன்ன நின்னு நடத்திக் கொடுத்த மூளை எம்போயா. ஒடிங்கா வெளியேறி கேபியூ (கென்யா மக்கள் யூனியன்) கட்சி ஆரம்பிச்சதும், கட்சி மாறுன எம்பி எல்லாம் திரும்ப தேர்தல்ல நிக்கணும்னு அவசர அவசரமா சட்டத் திருத்தம் வந்துச்சு, விசாரணை இல்லாம காவல்ல வைக்கிற அதிகாரமும் திரும்ப வந்துச்சு, இவர் அந்த அரசாங்கத்துல மந்திரி. கென்யாட்டாவ சுத்தி இருந்த கிக்குயு வட்டத்துக்கு ஒடிங்காவ வீழ்த்த ஒரு லுவோ ஆள் தேவைப்பட்டார், வேலை முடிஞ்சதும் அடுத்த இடைஞ்சல் இவர் தான். எம்போயா மாதிரி கூர்மையான ஆளுக்கு இது முன்னாடியே தெரியாம இருந்திருக்காது, தன் திறமை தன்னக் காப்பாத்தும்னு நம்பியிருப்பாருன்னு நான் நினைக்கிறேன், இது என் ஊகம் தான்.

1965 திட்ட ஆவணம் ஒண்ணு உண்டு, செஷனல் பேப்பர் நம்பர் 10, ஆப்பிரிக்க சோஷலிசம்னு தலைப்பு, எம்போயா அமைச்சகத்துலேர்ந்து வந்தது. பேரு சோஷலிசம், உள்ள இருக்குறது தனியார் முதலீடு, நஷ்டஈடு இல்லாம எதையும் அரசுடமை ஆக்க மாட்டோம், நல்ல மழையும் மண்ணும் இருக்குற பகுதில பணத்தப் போட்டா சீக்கிரம் வளரும், அது மத்த இடத்துக்கும் பரவும், இப்படி. பரவல. வடக்கு வறண்ட ஜில்லாக்கள் பல தலைமுறைக்கு பின்தங்கிப் போச்சு, 2010 அரசியலமைப்புல மாவட்டங்களுக்கு அதிகாரமும் தனியா ஒரு சமன்பாட்டு நிதியும் வச்சது இந்தக் காயத்த ஆத்தத் தான். இந்த ஆவணத்த அன்னைக்கே ஒரு பத்திரிகைல விமர்சிச்சு எழுதுனவர்ல ஒருத்தர் யாருன்னா, ஹவாய்ல படிச்சுட்டு திரும்பியிருந்த மூத்த ஒபாமா. எம்போயாவுக்கு வேண்டியவரு தான், ஆனா பணக்காரன் கைல சேர்ற செல்வத்துக்கு என்ன வழி வச்சிருக்கீங்கன்னு நேரா கேட்டாரு.

1968ல கென்யாட்டாவுக்கு உடம்பு மோசமாச்சு, அடுத்து யாருங்கிற கேள்வி வெளிப்படையா வந்துடுச்சு. அவசரமா சட்டத்த மாத்தி, ஜனாதிபதி செத்தா துணை ஜனாதிபதி 90 நாள் பொறுப்பு வகிச்சு தேர்தல் நடத்துவாருன்னு வச்சாங்க, துணை ஜனாதிபதி மோய். எம்போயாவோட வழிய மறிக்கத் தான் இதெல்லாம்னு அன்னைக்கே பேச்சு. 1969 ஜனவரில அவரோட பழைய எதிரி, அப்போ வெளியுறவு மந்திரியா இருந்த ஆர்க்விங்ஸ் கோதெக் கார் விபத்துல செத்தாரு, அதுலயும் ஜனங்களுக்கு சந்தேகம். நாலு வருஷம் முன்னாடி 1965 பிப்ரவரி 24ல பியோ காமா பிண்டோ, கோவா வம்சாவளி, ஒடிங்கா பக்கத்து இடதுசாரி எம்பி, வீட்டு வாசல்ல கார்ல சின்னப் பொண்ணு உக்காந்திருக்க சுட்டுக் கொன்னாங்க. அதனால கொலை அந்த நாட்டு அரசியலுக்குள்ள ஏற்கனவே வந்துடுச்சு.

1969 ஜூலை 5, சனிக்கிழமை. எம்போயா அன்னைக்குக் காலைல தான் அடிஸ் அபாபால ஒரு பொருளாதாரக் கூட்டம் முடிச்சுட்டு திரும்பினாரு. மத்தியானம் ஒரு மணி வாக்குல கவர்மெண்ட் ரோட்ல, இப்போ மோய் அவென்யூ, சானி ஃபார்மசில லோஷன் பாட்டில் வாங்கிட்டு வெளிய வர்றாரு, கூட பாதுகாப்புக்கு ஆள் இல்ல, வாசல்ல நின்னவன் ரெண்டு குண்டு சுட்டுட்டு கூட்டத்துல கலந்துட்டான். ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க, உயிர் இல்ல. வயசு 38. அதுக்கு சில நிமிஷம் முன்னாடி அதே தெருவுல அவர்கிட்ட நின்னு பேசிட்டுப் போனவரு மூத்த ஒபாமா, பின்னாடி கோர்ட்ல சாட்சியும் சொன்னாரு.

உறுதியா சொல்லக் கூடியது இது. நஹஷோன் என்ஜெங்கா என்ஜோரோகேன்னு ஒரு கிக்குயு ஆள கைது பண்ணாங்க, அவர் இருந்த இடத்துலேர்ந்து துப்பாக்கி எடுத்தாங்க, செப்டம்பர்ல மரண தண்டனை, நவம்பர்ல தூக்குல போட்டாச்சுன்னு அரசாங்கம் அறிவிச்சுது. பிடிபட்டப்போ அவர், என்னப் பிடிக்கிறீங்களே, பெரிய மனுஷனப் போய்ப் பிடிக்க வேண்டியது தானேன்னு கேட்டதா பரவலா பதிவாகியிருக்கு, ஆனா அந்தப் பெரிய மனுஷன் யாருன்னு அவர் பேர் சொன்னதா கோர்ட் பதிவுல இல்ல. அவருக்கு எம்போயா மேல சொந்தப் பகைன்னு நம்பும்படியா எதுவும் வெளிய வரல, அதனால பின்னால ஆள் இருந்துருக்கணும்ங்கிறத பெரும்பாலான வரலாற்று ஆய்வாளர்கள் ஏத்துக்குறாங்க, நானும் தான். அந்த ஆள் கென்யாட்டாவா, இல்ல அவருக்குத் தெரியாம அவர சுத்தி இருந்தவங்களாங்கிறது தான் சந்தேகப் பகுதி. லாபம் யாருக்குன்னு பாத்தா கை அந்த வட்டத்தப் பாத்து தான் நீளுது, ஆனா உத்தரவு கொடுத்தாருன்னு கென்யாட்டா மேல சொல்ல ஒரு கடிதமோ ஒரு வாக்குமூலமோ இதுவரைக்கும் வெளிய வரல, வேற யாரையும் கோர்ட்ல நிறுத்தவும் இல்ல. சிஐஏ கொன்னுச்சுன்னு சொல்றவங்க, அமெரிக்காவுக்கு அந்த நாட்டுல இருந்த ஆக நெருங்கின நண்பன அவங்களே எதுக்குக் கொல்லணும்னு பதில் சொல்லணும். என்ஜெங்கா பல்கேரியா போய் வந்தவருங்கிறத வச்சு கம்யூனிஸ்ட் சதின்னும் அப்போ பேசினாங்க, அதுவும் அந்த ஒத்த இழைய தாண்டி எங்கயும் போகல.

அப்புறம் நடந்தது தான் எனக்கு ஒவ்வொரு தடவ படிக்கிறப்பவும் கனமா இருக்கும். ஜூலை 8 நைரோபி ஹோலி ஃபேமிலி தேவாலயத்துல பூசை, கென்யாட்டா கார் வந்ததும் கல்லு பறந்துச்சு, போலீஸ் கண்ணீர்ப்புகை அடிச்சுது. எந்த லுவோ மக்கள்ல பாதி பேர் எம்போயாவ ஒடிங்காவுக்கு துரோகம் பண்ணவன்னு திட்டினாங்களோ, அவங்களே எங்க பிள்ளைய கொன்னுட்டாங்கன்னு ருசிங்கா போற வழி முழுக்க நின்னு அழுதாங்க. இன்னொரு பக்கம் கிக்குயு ஆளுங்கள லாரி லாரியா கட்டுண்டுங்கிற ஊருக்கு, கென்யாட்டா வீட்டுப் பக்கம், கொண்டு போய் ஆட்சி நம்ம கைய விட்டுப் போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. அக்டோபர் 25 கென்யாட்டா லுவோ பகுதி நகரமான கிசுமுல ரஷ்யா காசுல கட்டுன ஆஸ்பத்திரிய திறக்கப் போனாரு, மேடைலயே ஒடிங்காவோட வாக்குவாதம், கூட்டம் கொதிச்சு, போலீஸ் சுட்டு பலர் செத்தாங்க, அரசாங்கம் சொன்ன எண்ணிக்கைய விட ஊர் ஜனங்க சொல்ற எண்ணிக்கை ரொம்ப அதிகம். அஞ்சு நாள்ல கேபியூ கட்சிக்கு தடை, ஒடிங்கா உள்ள. அந்த டிசம்பர் தேர்தல்ல ஒரே கட்சி தான் நின்னுச்சு, பல கட்சி தேர்தல் திரும்ப வர 1992 ஆச்சு. இனத்த தாண்டி ஓட்டு வாங்கிக் காட்டுன ஒரே மனுஷனோட சாவு, கிக்குயு லுவோ பகைய இறுக்கிக் கட்டிடுச்சு.

இருந்திருந்தா ஜனாதிபதி ஆகியிருப்பாரான்னு அடுத்து கேக்கத் தோணும். 1969 நிலைமைல எனக்கு சந்தேகம் தான். யூனியன் போயிடுச்சு, கட்சி எந்திரம் அவர் கைய விட்டு நழுவிட்டு இருந்துச்சு, லுவோ நாட்டுல ஒடிங்கா, மேல கென்யாட்டா. ஆனா கென்யாட்டா இன்னும் ஒம்பது வருஷம் இருந்து 1978ல தான் செத்தாரு, அப்போ எம்போயாவுக்கு 48 ஆகியிருக்கும், எதிர்ல மோய். அந்தப் போட்டில அவர் கண்டிப்பா இருந்திருப்பாரு. நைரோபி போனீங்கன்னா மோய் அவென்யூல அவரோட சிலை இருக்கு, 2011ல வச்சது, சுடப்பட்ட இடத்துக்கு ரொம்பப் பக்கம். அதே இடத்துல தேசிய ஆவணக் காப்பகம், ஒரு காலத்துல நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியா இருந்த கட்டடம், அதுக்கு அந்தப் பக்கம் ஓடுற தெருவுக்கு டாம் எம்போயா தெருன்னு பேரு. உள்ள போனா தொழிலாளர் துறை ஃபைல்கள கேளுங்க, 1955 மொம்பாசா வேலைநிறுத்தம் பத்தி தேடுங்க, கொலை வழக்குப் பேப்பர்கள விட அதுல தான் அந்த மனுஷன் உயிரோட இருக்கார்.